ஹாலோவீன் எண்ட்ஸ்: ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? – கேள்வி பதில்

2022 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ படத்தைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். வெள்ளை முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ், அவனிடமிருந்து உயிர் தப்பிய லோரி (நடித்தவர் ஜேமி லீ கர்ட்டிஸ்), இவர்களைச் சுற்றியதுதான் இந்தத் தொடர். முடிவு வரை கதை பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். தொகைகள் எல்லாம் டாலரில்.

கடைசி வரிசை, திருச்சி: அண்ணா, இந்தத் தொடரில் பத்துப் பதின்மூன்று படம் இருக்கு. எண்ட்ஸ் புரியணும்னா எல்லாத்தையும் பார்க்கணுமா?

வேண்டாம் தம்பி, மூன்றே படம் போதும். 1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த முதல் ‘ஹாலோவீன்’, 2018-ல் டேவிட் கோர்டன் கிரீன் எடுத்த ‘ஹாலோவீன்’, 2021-ல் வந்த ‘ஹாலோவீன் கில்ஸ்’. பிறகு எண்ட்ஸ். 2018 படம் நடுவில் வந்த எல்லாப் பாகங்களையும் கணக்கில் எடுக்காமல் 1978 படத்துக்கு நேரடித் தொடர்ச்சியாக எழுதப்பட்டது. லோரியும் மைக்கேலும் அண்ணன் தங்கை என்பது 1981-ல் வந்த இரண்டாம் பாகம் சேர்த்த விஷயம். புது மூன்று படங்களில் அந்த உறவே கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு எண்ட்ஸ் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

2018 படமும் கில்ஸும் ஒரே இரவில் நடக்கின்றன. எண்ட்ஸ் அதிலிருந்து நான்கு வருடம் தள்ளி நடக்கிறது. இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் பாதிப் பிரச்சினை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நைட் ஷோ, சேலம்: படம் பார்த்தேன் சார். முகமூடிக்குள்ள யார் இருக்காங்கன்னே பாதி நேரம் புரியல. கோரி யார், அவன் எப்படி உள்ள வந்தான்? சுருக்கமா சொல்லுங்க.

கோரி கன்னிங்ஹாம் (நடித்தவர் ரோஹன் கேம்பல்) கதை நடக்கும் ஊரான ஹாடன்ஃபீல்டில் வாழும் சாதாரணப் பையன். 2019 ஹாலோவீன் இரவில் ஒரு வீட்டில் சிறுவனைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில், அவன் கையால் விபத்தாக அந்தச் சிறுவன் இறந்துபோகிறான். சட்டம் அவனை விட்டுவிடுகிறது, ஊர் விடவில்லை. மூன்று வருடம் கழித்து, லோரியின் பேத்தி ஆலிசன் அவனை விரும்புகிறாள். உள்ளூர்ப் பையன்கள் அவனைப் பாலத்திலிருந்து தள்ளிவிட, கீழே சாக்கடைக் குழாய்க்குள் பதுங்கியிருக்கும் மைக்கேல் அவனை உள்ளே இழுக்கிறான், கண்ணுக்குள் பார்க்கிறான், கொல்லாமல் விட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு கோரி கொலை செய்யத் தொடங்குகிறான். முதலில் மைக்கேலுக்கு ஆள் கொண்டுவந்து கொடுக்கிறான், அப்புறம் மைக்கேலோடு சேர்ந்து கொல்கிறான், கடைசியில் மைக்கேலிடமிருந்து முகமூடியையே பிடுங்கிக்கொள்கிறான்.

ஆகவே உங்கள் குழப்பத்துக்குத் தெளிவான விடை இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் அந்தப் பையன்களையும், வானொலி நிலையத்தில் அறிவிப்பாளரையும் கொல்லும்போது முகமூடிக்குள் இருப்பது கோரி. லோரியின் சமையலறையில் கடைசியாகச் சண்டை போடுவது மைக்கேல்.

பாக்ஸ் ஆபீஸ், சென்னை: படம் ஃப்ளாப்பா ஹிட்டா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கணக்கோடு சொல்லுங்கள்.

மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். வட அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல்: 2018 படம் 76.2 மில்லியன், கில்ஸ் 49.4 மில்லியன், எண்ட்ஸ் சுமார் 40 மில்லியன். வட அமெரிக்க மொத்தம்: 159, 92, 64 மில்லியன்.

இப்போது மொத்தத்தை முதல் வார இறுதியால் வகுங்கள். 2018 படத்துக்கு 2.1, கில்ஸுக்கு 1.9, எண்ட்ஸுக்கு 1.6. வர்த்தகத்தில் இதை மல்ட்டிபிள் என்பார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்தவர் அடுத்தவரிடம் என்ன சொன்னார் என்பது இந்த எண்ணில் தெரிந்துவிடும். பேய்ப்படங்களுக்கு 2-ஐ ஒட்டி வருவது சகஜம், ஏனென்றால் தீவிர ரசிகர்கள் முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடுகிறார்கள். 1.6 என்பது அந்த அளவிலும் மோசம். எண்ட்ஸின் 40 மில்லியனில் ஏறக்குறைய பாதி வெள்ளிக்கிழமைக் கணக்கிலேயே (வியாழன் இரவுக் காட்சிகள் சேர்த்து) வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் விஷயம் பரவிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் வார இறுதியைப் பாருங்கள். 2018 படம் 59 சதவீதம் இறங்கியது, கில்ஸ் 71 சதவீதம், எண்ட்ஸ் 80 சதவீதம். 40 மில்லியன் 8 மில்லியன் ஆனது. அதுவும் ஹாலோவீன் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால்! அந்த வாரத்தில் ‘பிளாக் ஆடம்’ என்ற சூப்பர் ஹீரோ படம் வந்தது உண்மை. ஆனால் அதே பருவத்தில் செப்டம்பர் 30 அன்று வெளியான ‘ஸ்மைல்’ என்ற பேய்ப்படம் 22.6 மில்லியனில் தொடங்கி, இரண்டாம் வாரம் வெறும் 18 சதவீதம் இறங்கி, வட அமெரிக்காவில் மட்டும் 105 மில்லியனைத் தாண்டியது. மக்களுக்குப் பயப்பட ஆசை இருந்தது. இந்தப் படத்தை இன்னொருவருக்குச் சொல்லத்தான் விருப்பம் இல்லை.

இனி நஷ்டமா என்ற கேள்வி. உலக வசூல் 100 மில்லியனைக் கொஞ்சம் தாண்டியது. தயாரிப்புச் செலவு 20-லிருந்து 33 மில்லியன் வரை சொல்லப்படுகிறது. தியேட்டர் பங்கு போக உள்நாட்டில் பாதியும் வெளிநாட்டில் அதைவிடக் குறைவும் ஸ்டுடியோவுக்கு வரும். தோராயமாக 48 மில்லியன் என்று வையுங்கள். அதற்குள் விளம்பரச் செலவும் அடங்க வேண்டும். தியேட்டர் கணக்கில் கொழுத்த லாபம் இல்லை. ஆனால் பீகாக் ஓடிடியில் அதே நாளில் போட்டதன் மதிப்பு, பிறகு வரும் டிஜிட்டல், டிஸ்க் விற்பனை எல்லாம் சேர்ந்தால் கையைக் கடித்த படம் என்று சொல்ல முடியாது. பணத்தில் தப்பித்தது, பெயரில் அடிபட்டது.

தொடர்ப்படக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பாகத்தின் முதல் நாள் கூட்டம் அதற்கு முந்தைய பாகத்துக்குக் கிடைத்த மதிப்பெண். எண்ட்ஸின் தொடக்கம் குறைந்ததற்குக் கில்ஸ்தான் காரணம். எண்ட்ஸின் சொந்தத் தரத்துக்கு ரசிகர் கொடுத்த தீர்ப்பு அந்த 80 சதவீத வீழ்ச்சியில் இருக்கிறது.

மதுரைக்காரி: சினிமாஸ்கோரில் சி பிளஸ் என்கிறார்கள், ராட்டன் டொமேட்டோஸில் 40 சதவீதம் என்கிறார்கள். பாஸ் மார்க்குக்கும் கீழேயா? எதை நம்புவது அண்ணா?

இரண்டும் வேறு வேறு அளவுகோல் தங்கச்சி. சினிமாஸ்கோர் என்பது தியேட்டர் வாசலில் எடுப்பது. முதல் நாள் காட்சிக்கு வந்தவர்களிடம் ஒரு சிறு அட்டையைக் கொடுத்து ஏ பிளஸிலிருந்து எஃப் வரை மதிப்பெண் வாங்குவார்கள். வயது, பாலினம், எதற்காக வந்தீர்கள் என்பதும் அட்டையில் இருக்கும். முதல் நாளே காசு கொடுத்து வந்தவர் அந்தப் படத்தின் மேல் ஆசையோடு வந்தவர். அதனால் பொதுவாகப் படங்களுக்கு ஏ, பி ரகம்தான் கிடைக்கும். சினிமாஸ்கோர் சொல்வது படம் நல்லதா கெட்டதா என்பதை அல்ல. வாங்க வந்த சரக்கும் கையில் கிடைத்த சரக்கும் ஒன்றா என்பதைத்தான் சொல்கிறது.

பேய்ப்படங்கள் இதில் எப்போதும் கீழேதான் இருக்கும். ‘ஹெரடிட்டரி’ (2018) விமர்சகர்கள் கொண்டாடிய படம், அது வாங்கியது டி பிளஸ். ‘கெட் அவுட்’ (2017) ஏ மைனஸ் வாங்கியது இந்த வகையில் அபூர்வம். அதன் மல்ட்டிபிள் 5-ஐத் தாண்டியது. ஸ்மைலுக்குக் கிடைத்தது பி மைனஸ்தான், அதுவே நல்ல மார்க். இந்த மூன்று ஹாலோவீன் படங்களும் வரிசையாக பி பிளஸ், பி மைனஸ், சி பிளஸ். படிப்படியாக இறங்கியது தெரிகிறதா?

ராட்டன் டொமேட்டோஸ் விமர்சனங்களைத் திரட்டும் இணையதளம். அதன் 40 சதவீதம் ‘நூற்றுக்கு நாற்பது மார்க்’ அல்ல. நூறு விமர்சகர்களில் நாற்பது பேர் மொத்தத்தில் பரவாயில்லை என்றார்கள், அவ்வளவுதான். பாதிப் பேர் பத்துக்கு ஒன்பதும் மீதிப் பேர் பத்துக்கு இரண்டும் கொடுக்கிற படத்துக்கு இது 50 காட்டும். எல்லோரும் பத்துக்கு ஆறு கொடுத்த சாதாரணப் படத்துக்கு 100 காட்டக்கூடும். எண்ட்ஸ் முதல் ரகத்தைச் சேர்ந்தது. விரும்பியவர்கள் மனதார விரும்பினார்கள். வெறுத்தவர்களில் சிலர் படத்தை மறுபடி எடுக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள்.

பழைய டிவிடி, கோவை: சரி, எல்லாரும் சொல்றது ‘மைக்கேல் வரவே இல்லை’ன்னு. அது மட்டும்தான் காரணமா?

அது வெளியே தெரிகிற காரணம். உள்ளே மூன்று இருக்கிறது.

முதலாவது, விற்றது ஒன்று கொடுத்தது ஒன்று. டிரெய்லர், போஸ்டர், பேட்டி எல்லாமே லோரியும் மைக்கேலும் கடைசியாக மோதப்போகிறார்கள் என்றே சொல்லின. ஜேமி லீ கர்ட்டிஸ் 1978-ல் தொடங்கிய பாத்திரத்துக்கு 44 வருடம் கழித்து விடைகொடுக்கும் படம் அல்லவா? கோரியை விளம்பரத்தில் ஏறக்குறைய மறைத்தே வைத்தார்கள். படம் 111 நிமிடம். நிகழ்காலக் கதையில் மைக்கேல் வருவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது. லோரியும் அவனும் நேருக்கு நேர் நிற்பது கடைசிப் பகுதியில்தான்.

இரண்டாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கில்ஸ் படம் ஏறக்குறைய முழுக்க லோரி மருத்துவமனையிலேயே இருக்கிறாள். மைக்கேலை அவள் ஒரு தடவைகூடச் சந்திப்பதில்லை. ஊர்க்கூட்டம் ‘தீமை இன்றிரவே சாகும்’ என்று கத்திக்கொண்டு ஓடி, தவறான ஆளைத் துரத்திச் சாகடிக்கிறது. படத்தின் முடிவில் லோரியின் மகள் கேரனை மைக்கேல் குத்திக் கொல்கிறான். ஆக 2018-ல் எரிகிற வீட்டுக்குள் மைக்கேலைப் பூட்டிவிட்டு வந்த லோரி, மறுபடி அவனைப் பார்ப்பதற்காக ரசிகர் காத்திருந்தது நான்கு வருடம். மகளின் சாவுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய கடனும் சேர்ந்துவிட்டது. இந்தப் பசியோடு வந்து உட்கார்ந்தவர் முன்னால், அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு பையனின் காதல் கதையைப் பரிமாறினார்கள். லோரியோ துக்கத்தை ஆற்றிக்கொண்டு, நினைவுக்குறிப்பு எழுதிக்கொண்டு, வீட்டில் ‘பை’ (pie) என்ற பலகாரம் சுடப் பழகிக்கொண்டிருக்கிறாள். 2018-ல் வீட்டையே கோட்டையாக மாற்றிய பெண், மகளைப் பறிகொடுத்த பிறகு இப்படி அமைதியாவதற்கு நடந்த மாற்றம் அந்த நான்கு வருட இடைவெளிக்குள் போய்விட்டது. நாம் பார்க்கவே இல்லை.

மூன்றாவது, என் பார்வையில் இதுதான் மூல காரணம். கோரி என்ற யோசனை தப்பில்லை. அதை மூன்றாம் பாகத்தில் விதைத்து மூன்றாம் பாகத்திலேயே அறுவடை செய்யப் பார்த்ததுதான் தப்பு. கில்ஸில் ஒரு நிமிடம், அந்த மருத்துவமனைக் கூட்டத்துக்குள் கோரி நின்றிருந்தால் போதும். அப்பாவி ஒருவனை ஊரே துரத்திக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவன் அடுத்த வருடம் தானே ஊரின் வாயில் விழுகிறான் என்றால், அவன் கதை இந்தத் தொடருக்குள்ளிருந்தே முளைத்திருக்கும். கில்ஸ் பேசிய விஷயமும் அதுதானே, பயந்த ஊர் எப்படி அரக்கனை உண்டாக்குகிறது என்று. பாலம் போடாமல் அக்கரையில் வீடு கட்டிவிட்டார்கள்.

குறும்படக்காரன், தஞ்சாவூர்: வேறு தொடர்களில் இப்படி ஆளை மாற்றியிருக்கிறார்களா? அங்கே என்ன ஆச்சு?

நல்ல கேள்வி. ‘ஃப்ரைடே த தர்ட்டீந்த்’ தொடர் இரண்டு விடையும் வைத்திருக்கிறது.

1980 முதல் பாகத்தில் கொலைகாரி, ஏரியில் மூழ்கிச் செத்ததாகச் சொல்லப்படும் ஜேசன் என்ற சிறுவனின் தாய். படத்தின் முடிவில் அவள் தலை துண்டாகிறது. இரண்டாம் பாகத்தில் (1981) கொலைகாரன் ஜேசன். ஆள் முழுக்க மாறியும் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏன்? முதல் பாகத்தின் கடைசிக் காட்சியிலேயே ஏரிக்குள்ளிருந்து ஜேசன் எழும்பிப் படகிலிருக்கும் பெண்ணை இழுக்கிறான். கனவு என்று சொல்லப்பட்டாலும் விதை விழுந்துவிட்டது. ரசிகர் அவனை எதிர்பார்த்தே வந்தார். (ஹாக்கி முகமூடி அப்போதும் கிடையாது. இரண்டாம் பாகத்தில் தலையில் சாக்குத் துணி. முகமூடி 1982-ல் மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது.)

1984-ல் நான்காம் பாகத்துக்கு ‘இறுதி அத்தியாயம்’ என்றே பெயர் வைத்து ஜேசனைக் கொன்றார்கள். மறுவருடமே ஐந்தாம் பாகம் வந்தது. முகமூடி போட்டவன் ஒருவன் வரிசையாகக் கொல்கிறான், கடைசியில் முகமூடியைக் கழற்றினால் அது ஜேசனே இல்லை, ராய் என்ற ஆம்புலன்ஸ் ஊழியர். மகனைப் பறிகொடுத்த கோபத்தில் செய்தாராம். ரசிகர்கள் கொதித்தார்கள். அமெரிக்க வசூல் நான்காம் பாகத்துக்கு ஏறக்குறைய 33 மில்லியன், ஐந்தாவதுக்கு 22, ஆறாவதுக்கு 19. ஆறாம் பாகம் ஜேசனைத் திரும்பக் கொண்டுவந்தது, தொடரிலேயே நல்ல படங்களில் ஒன்று என்று இன்று பலர் சொல்கிறார்கள். இருந்தும் ஐந்தாவதின் கடனை அது கட்ட வேண்டியதாயிற்று.

ஹாலோவீன் தொடரே ஒருமுறை சூடு பட்டிருக்கிறது. 1982-ல் மூன்றாம் பாகம் ‘சீசன் ஆஃப் த விட்ச்’ மைக்கேலே இல்லாமல் வந்தது. வருடத்துக்கு ஒரு புதுக் கதை என்று தொடரை மாற்ற கார்பென்டரும் முதல் படத்தை அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்த டெப்ரா ஹில்லும் விரும்பினார்கள். முகமூடி செய்யும் நிறுவனம் குழந்தைகளைக் கொல்லத் திட்டம் போடும் கதை, தன்னளவில் நல்ல படம். ஆனால் முதல் இரண்டு பாகமும் மைக்கேலையே காட்டிவிட்டு மூன்றாவதில் திடீரென்று வேறு கதை என்றால்? 1988-ல் நான்காம் பாகம் வந்தபோது ‘மைக்கேல் மையர்ஸ் திரும்பி வருகிறான்’ என்பதைப் பெயரிலேயே போட்டார்கள்.

எண்ட்ஸின் தலைப்பு எழுத்துகளைக் கவனியுங்கள். நீல நிறத்தில், மூன்றாம் பாகத்தின் எழுத்துருவில் வரும். 1978 படத்தின் ஆரஞ்சு எழுத்து இல்லை. ‘இதுவும் விலகிப் போகிற மூன்றாவது’ என்று கிரீன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தெரிந்தவர்களுக்கு அது அழகான குறிப்பு. ஆனால் அதைப் படிக்கிற நேரத்தில் ரசிகர் டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

திருநெல்வேலி அல்வா: ஓடிடியில் அன்றைக்கே போட்டதுதான் வசூலைக் கெடுத்தது என்கிறார்களே?

கொஞ்சம் கெடுத்திருக்கும். முழுக் காரணம் ஆகாது. கில்ஸும் அதே மாதிரி பீகாக்கில் அதே நாள் வந்ததுதான், அது 71 சதவீதம்தான் இறங்கியது. ஏற்பாடு ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் படத்திலிருந்துதான் வர வேண்டும்.

கடைசி வரிசை, திருச்சி: அண்ணா, திட்டுறவங்ககூட முதல் காட்சியைப் பாராட்டுறாங்க. அதில் அப்படி என்ன இருக்கு?

அது பாடமாக வைக்க வேண்டிய காட்சி. கோரி பார்த்துக்கொள்ள வந்திருக்கும் சிறுவன் ஜெரமி. டிவியில் ஓடுவது கார்பென்டரின் ‘த திங்’. (1978 படத்தில் குழந்தைகள் பார்ப்பது அதன் மூலமான 1951 படம்.) சிறுவன் காணாமல் போகிறான், வீட்டில் சத்தம் கேட்கிறது. கோரி சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறான். இத்தனை வருடமாக நமக்குக் கிடைத்த பழக்கத்தில் நாம் மைக்கேலைத் தேடுகிறோம். திறந்த கதவு, இருட்டு மூலை, கண்ணாடி என்று கண் அலைகிறது.

சிறுவன் விளையாட்டாகக் கோரியை மேல் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்று கேலி செய்கிறான். கோரிக்கு மூச்சு முட்டுகிறது. கதவை உதைக்கிறான், உதைக்கிறான். கீழே பெற்றோர் கதவைத் திறந்து வீட்டுக்குள் வரும் அதே நொடியில் மேல் கதவு பிய்த்துக்கொண்டு திறக்கிறது. அதன் பின்னால் நின்ற சிறுவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் படிக்கட்டு நடுவழியே கீழே விழுந்து, தாயின் காலடியில் கிடக்கிறான். மேலே எட்டிப் பார்க்கிற கோரியின் கையில் கத்தி.

பாருங்கள், கொலைகாரன் இல்லை, துரத்தல் இல்லை. ஆனால் பெற்றோர் கண்ணில் படுவது ஒரு ஸ்லாஷர் (கொலைகாரன் ஆட்களை வரிசையாக வெட்டிக் கொல்லும் வகை) படத்தின் உறைந்த காட்சி: செத்த குழந்தை, கத்தியோடு இளைஞன். படம் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு ஷாட்டில் வந்துவிடுகிறது. இதே அளவு கவனத்தைக் கோரி கொலைகாரனாக மாறும் நடுப்பகுதிக்கும் கொடுத்திருந்தால் இன்று நாம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம். சாக்கடைக்குள் ஒரு பார்வை, அடுத்த சில நாளில் கத்தி எடுக்கிறான். மைக்கேல் அவனுக்குள் எதையோ கடத்திவிட்டானா, ஏற்கெனவே இருந்ததை அடையாளம் கண்டானா என்று படம் தீர்மானிக்கவில்லை. திறந்து விடுவது இயக்குநரின் உரிமை. ஆனால் மாற்றம் நடக்கிற வேகத்துக்கு இரண்டில் ஒரு விளக்கமாவது தாங்குகோலாக வேண்டும்.

முகமூடி, ஈரோடு: எண்ட்ஸில் முகமூடி ஏன் அவ்வளவு அழுக்கு?

2018 படத்தின் முடிவில் தீயில் பாதி கருகியது, பிறகு நான்கு வருடம் சாக்கடை ஈரத்தில் பூஞ்சை பிடித்தது. மூலம் 1978-லேயே கடையில் இரண்டு டாலருக்குள் வாங்கிய, வில்லியம் ஷாட்னர் முகம் கொண்ட, ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி. அந்தப் படத்தின் கலை வடிவமைப்பாளர் டாமி லீ வாலஸ் கண் ஓட்டையைப் பெரிதாக்கி, புருவத்தையும் கிருதாவையும் எடுத்து, முடியைக் கலைத்து, வெள்ளை ஸ்ப்ரே அடித்தார். முகத்தில் உணர்ச்சியே இல்லாதபடி துடைத்துவிட்டதுதான் அதன் பயம்.

குறும்படக்காரன், தஞ்சாவூர்: நாங்கள் பத்து நிமிட ஸ்லாஷர் எடுக்கிறோம். ரத்தம் திரையில் ரோஸ் நிறமாகவே விழுகிறது. கத்திக் காட்சிக்கும் யோசனை சொல்லுங்கள்.

ரோஸ் ஆவதற்குக் காரணம் சிவப்பு மட்டும் போடுவது. உண்மை ரத்தத்தில் பழுப்பு உண்டு. அமெரிக்காவில் கார்ன் சிரப் எடுப்பார்கள், நமக்குப் பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் போதும். அளவு: லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 70 மில்லி, சிவப்பு திரவ ஃபுட் கலர் 2 டீஸ்பூன், கோகோ பவுடர் அரை டீஸ்பூன், நீலக் கலர் ஒரு சொட்டு. முதலில் கோகோவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள், பிறகு கலர், கடைசியில் குளுக்கோஸ். மாற்றிச் செய்தால் கோகோ திரிதிரியாக நிற்கும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, நீங்கள் எடுக்கப்போகும் விளக்கின் கீழேயே கேமராவில் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிவது எல்.இ.டி. விளக்கில் மாறும். முகத்தில் வழிய வேண்டுமானால் தண்ணீர் 20 மில்லி கூட, தரையில் தேங்க வேண்டுமானால் குறைவாக.

கோளாறு எங்கே வரும்? அரை மணி நேரத்தில் காய்ந்து பிசுபிசுக்கும், எறும்பு வரும், தோலில் கறை தங்கும். நடிகர் தோலில் முன்கூட்டியே வாஸ்லின் மெல்லிசாகத் தடவுங்கள். சட்டை ஒரே மாதிரி மூன்று வாங்குங்கள், ஒரு டேக்குக்கு ஒன்று. கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கத்தி மூன்று தேவை. ஆள் யாரும் அருகில் இல்லாத நெருக்க ஷாட்டுக்கு, முனையும் விளிம்பும் மழுங்கத் தேய்த்த எஃகுக் கத்தி. ஓடும் ஷாட்டுக்கு ரப்பர் அல்லது ஃபோம். உடம்பில் குத்தி நிற்கும் ஷாட்டுக்குப் பாதியில் வெட்டிய கத்தியை வளைந்த தகட்டில் ஒட்டி, சட்டைக்குள் தகட்டைக் கட்டுங்கள். கூர்மையான கத்தி படப்பிடிப்பு இடத்திலேயே இருக்கக் கூடாது, பழம் வெட்டக்கூட. அவசரத்தில் கை மாறும்.

அதைவிட முக்கியம், 1978 படத்தில் ரத்தம் மிகக் குறைவு. குத்துவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறீர்கள் என்பதில்தான் பயம் இருக்கிறது.

மதுரைக்காரி: எனக்கு இந்தப் படம் பிடித்திருந்தது அண்ணா. முடிவும் பிடித்திருந்தது. சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். நான் எதையாவது தவறாகப் பார்க்கிறேனா?

இல்லை தங்கச்சி. அந்த முடிவில் உண்மையான உழைப்பு இருக்கிறது. லோரி அவசர எண்ணுக்குப் போன் செய்து தற்கொலை என்று சொல்கிறாள், துப்பாக்கி வெடிக்கிறது, வாசலில் ஒளிந்திருந்த கோரி உள்ளே வருகிறான். சுட்டது பூசணிக்காயை. அடுத்த குண்டு அவனுக்கு. படத்தில் அவள் தன் பழைய புத்தியை மீட்டெடுக்கும் இடம் அது. பிறகு மைக்கேல் வந்து கோரியின் கழுத்தை முறித்து முகமூடியை எடுத்துக்கொள்கிறான். வாரிசு என்று யாரையும் அவன் ஏற்கவில்லை.

சமையலறைச் சண்டையில் இசை ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. அவள் அவன் கைகளை மேசையோடு கத்தியால் ஆணியடிக்கிறாள், ஃப்ரிட்ஜை அவன் கால்மேல் சாய்க்கிறாள், கழுத்தை அறுக்கிறாள். அப்போதும் ஒரு கை விடுபட்டு அவள் தொண்டையைப் பிடிக்கிறது. அவள் ஒரு கணம் விட்டுக்கொடுக்கவே தயாராகிறாள். ஆலிசன் வந்து அந்தக் கையை முறிக்க, லோரி மணிக்கட்டை அறுக்கிறாள். ரத்தம் வடிந்து தீருகிறது. நாற்பத்துநான்கு வருடமாக அவனை ‘அது’ என்று பார்த்தோம். அங்கே கிடப்பது கிழட்டு உடம்பு.

அதோடு நிறுத்தாமல் காரின் கூரையில் உடலைக் கட்டி, ஊர் முழுக்கப் பின்னால் வர, இரும்புக் கடைக்குக் கொண்டுபோய் அரவை இயந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். பலர் இதை மிகை என்றார்கள். எனக்கு அது அவசியமாகவே படுகிறது. இந்தத் தொடரில் அவன் சுடப்பட்டிருக்கிறான், எரிக்கப்பட்டிருக்கிறான், ஒவ்வொரு முறையும் எழுந்தான். ஊர்க்காரர்கள் தங்கள் கண்ணால் உடல் துண்டாவதைப் பார்த்தால்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியும். கில்ஸில் வெறிகொண்டு ஓடிய அதே ஊர் இங்கே சத்தமில்லாமல் வரிசையில் நிற்கிறது.

பாக்ஸ் ஆபீஸ், சென்னை: கடைசியாக ஒன்று. மறுபடி பார்க்கிறவர்களுக்கு எப்படிப் பார்க்கச் சொல்வீர்கள்?

கில்ஸ் முடிந்த கையோடு பார்க்காதீர்கள். அந்தச் சூட்டில் உட்கார்ந்தால் மைக்கேலைத் தேடித் தேடியே நேரம் போய்விடும். சில வாரம் இடைவெளி விட்டு, கார்பென்டரின் ‘கிறிஸ்டீன்’ (1983) படத்தை முந்தின நாள் பாருங்கள். அதில் ஒரு பயந்த பையன் ஒரு காரின் பிடியில் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறான். அவன் பெயர் ஆர்னி கன்னிங்ஹாம். கோரியின் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியும்.